ஹைபிரிட் காரில் பூனாகலைக்கு

எனக்கு மலைப் பாதையில் வாந்தி வரும். இதைச் சொல்ல என்ன வெட்கம்? பதுளை பஸ் ஸ்டாண்ட் கண்டக்டர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். ஹாலி-எல தாண்டினால் தலை சுற்றும். தெமோதரை வந்தால் கையில் பை வேண்டும். பண்டாரவளையில் என்னை இறக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் சொந்த வேனில் போனாலும் இதே கதைதான்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த மகள் பிரசாந்தினி, பூனாகலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கேயே ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு குவாட்டர்ஸில் இருக்கிறாள். மூன்று வருடத்தில் நான் அவள் வீட்டுக்குப் போனது ஒரே ஒரு தடவை. சம்பந்தியம்மா முன்னால் போய்ப் படுத்தவள், திரும்புகிற நேரம்தான் எழுந்தேன். மானமே போயிற்று.

இரண்டாயிரத்து எட்டில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பிரசவ லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது பிள்ளையைப் பார்க்க, வயதான சம்பந்தியம்மாவை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு திங்களும் நான் போய், வெள்ளி திரும்பி வந்தால் அவள் வேலையில் இருக்கலாம். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துவிட்டதாகப் போனில் சொன்னாள்.

“நீங்க கஷ்டப்படாதீங்கம்மா. ஒங்களால முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வேலைக்காக அந்தப் பிள்ளை எத்தனை வருடம் படித்தாள்! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சிவராசாவுக்குப் பதுளையில் இரும்புக் கடை. கடை வேன் கிழடாகிவிட்டதால் வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் பாவித்த பழைய வாகனங்களைக் கொண்டுவந்து விற்கிற ஹுமைத் தம்பியிடம் நல்ல வேன் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே முத்து வெள்ளையில் ஒரு ஹைபிரிட் காரும் நின்றது. பெரிய மனிதர்கள் போகிற கார்.

“முதலாளி, அக்காவுக்கு ஒத்துக்காதது டீசல் மணமும் இரைச்சலும்தான். இதுல ரெண்டும் இல்ல. பெற்றோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும்” என்றார் ஹுமைத். “பூனாகலைக்கே ஓட்டிப் பாத்துட்டு வாங்க. நாளைக்கு ஒரு டொக்டர் பாக்க வாரார், ஒரு கீறல் மட்டும் விழாமப் பாத்துக்கங்க.”

காலை எட்டு மணிக்கு ஏறினோம். அம்மாடி, அது சீட்டா, மெத்தையா! என் வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் மூன்று தரம் அமுக்கினார்.

“தம்பி, பேட்டரி செத்துப்போச்சு.”

“முதலாளி, நீங்க ரெண்டு தரம் ஸ்டார்ட் பண்ணி ரெண்டு தரம் நிப்பாட்டிட்டீங்க.”

நான் சிரித்துவிட்டேன். அவர் முறைத்தார்.

பையை மடியில் விரித்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஹாலி-எல போயிற்று. தெமோதரையும் போயிற்று. வயிறு சும்மா கிடந்தது. மெல்லக் கண்ணைத் திறந்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் நடுப் பாதையில் பேசிக்கொண்டு போக, பின்னால் எங்கள் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒருத்தி திரும்பிப் பார்த்துப் பதறிப்போனாள்.

“ஏன்யா, இப்பிடிச் சத்தமில்லாம பின்னால வர்றீங்க? ஒரு ஹார்ன் அடிச்சா கொறைஞ்சா போயிருவீங்க?”

எங்கள் வேனில் போனால் ஹார்னில் வைத்த கையை எடுக்காத மனுஷன், தலையை வெளியே நீட்டி, “மன்னிச்சுக்கம்மா” என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கார் அப்படி ஆளை மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பூனாகலையில் நான் என் காலாலேயே இறங்கி நடந்தேன். பிரசாந்தினி வாசலில் நின்று நம்ப முடியாமல் பார்த்தாள். பேரனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். மகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடு புள்ள. இந்தக் காரையே வாங்கிருவோம்” என்றார் அவர்.

“எத்தன மணிக்குப்பா கெளம்புனீங்க?”

“எட்டுக்கு.”

“வந்து சேரும்போது பதினொன்னேகால். ஒன்ற மணித்தியாலத்துப் பாதைப்பா! மாட்டு வண்டியிலயா வந்தீங்க?”

“அடுத்தவன் காரும்மா. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? வளைவுக்கு வளைவு நின்னு நின்னுதான் வந்தேன்” என்றார் பெருமையாக.

என் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம். அந்த சீட்டை நினைத்தால் ஆசை விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கார் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஆனால் எங்கள் காராகி ஒரு மாதம் போனால் இந்த மனுஷன் எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாதா? மறுபடி நான் படுப்பேன், மகள் மறுபடி கடிதம் எழுதுவாள்.

“காரை வாங்காதீங்க” என்றேன்.

“என்ன பாக்கியம், பைத்தியமா ஒனக்கு? ஒரு தடவகூட வாந்தி எடுக்கலியே!”

“வாங்குனா அது நம்ம வண்டியாயிரும். நம்ம வண்டியை நீங்க ஓட்டுறத முப்பது வருசமா பாக்குறேன். மெல்லப் போங்க, மெல்லப் போங்கன்னு எத்தன தரம் கெஞ்சியிருப்பேன்? ஒனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னீங்க. ஹுமைத் தம்பி ஒரு வார்த்தை சொன்னாரு, கேட்டுட்டீங்க.”

எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.  அவர் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்க் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.  திரும்பி வரும்போது வீம்புக்காவது வேகமாகப் போவார் என்று பார்த்தேன், போகவில்லை.

“கார் எப்பிடி முதலாளி?” என்று ஹுமைத் ஓடி வந்தார்.

“தங்கம் தம்பி. டொக்டருக்கே குடுங்க. எனக்கு அந்த வேன் போதும்.”

லீவு முடிந்த திங்கட்கிழமை வேனில் புறப்பட்டோம். டீசல் மணம் இருந்தது, இரைச்சலும் இருந்தது. பின்னால் ஒரு லொறி விடாமல் ஹார்ன் அடித்தது. பழைய ஆளாக இருந்தால் போட்டிக்கே போயிருப்பார். கையை வெளியே நீட்டி, “போ ராசா” என்று வழி விட்டார். அதற்கப்புறம் நான் தூங்கிவிட்டேன் போல. விழித்தால் பண்டாரவளை.

“என்னங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க” என்றேன்.

அவர் முகம் வெளிறிப்போயிற்று. சட்டென்று ஓரம் கட்டி, இறங்கி ஓடி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“வருதா? மெல்லத்தானே பாக்கியம் வந்தேன்...”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. பசிக்குது. வடை வாங்கிக் குடுங்க” என்றேன்.