ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர்

என் வீட்டுக்காரர் மகாவீரன் கொடுத்த வாக்கை மீற மாட்டாரு. ஏனாத்தூர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. அந்தப் பெருமையிலதான் என்கிட்ட வந்து வசமா மாட்டினாரு.

எங்க பையன் அபிஷேக் காரு ஒண்ணு வாங்கினான். வாங்கின கையோட வேலைக்குப் பெங்களூரு போய்ட்டான், காரை எங்க தலையில கட்டிட்டான். கேட்டுக்கு உள்ளே ஒரு துண்டு மண்ணு இருக்குது. இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதுல சிமெண்ட் போட்டு காரை நிறுத்தணும்னாரு இவரு. எனக்கு வந்துச்சே கோவம்!

"அங்க நான் ரோஜா வெச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"வருசா வருசம்தான் வெக்கற. ஒண்ணாவது வெயிலைத் தாண்டிச்சா ஜ்வாலா?" சிரிக்கிறாரு மனுசன். "கத்திரி வெயில்ல அந்த மண்ணுல ரோஜா பூத்துச்சுன்னா, சிமெண்ட் பேச்சே எடுக்க மாட்டேன். பூக்கலைன்னா நீ வாயைத் தொறக்கக் கூடாது."

"வாக்கு?"

"வாக்கு."

அப்போ தை மாசம். நர்சரியில வாங்கின மஞ்சள் ரோஜா உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பூ காட்டிச்சு. அதோட சரி. மாசியில மேலேருந்து கருகிக்கினே வந்துச்சு. கடலைப் புண்ணாக்கு ஊற வெச்சு ஊத்தினேன், அரிசி கழுவின தண்ணி ஊத்தினேன். ஒண்ணுத்துக்கும் அசையல. பூச்சிமருந்து எங்க வீட்டுல கிடையாது, எங்க ஜைன மதத்துல எறும்பைக் கூட மிதிக்க யோசிப்போம்.

பக்கத்து வீட்டு கமலவேணி தறியை நிறுத்திட்டு வந்து குனிஞ்சு பார்த்தா. "அக்கா, இது ஒட்டுச் செடி. ஒட்டுக்குக் கீழ துளிர் ஒண்ணு கிளம்புது பாருங்க, அது அடிவேரோட காட்டுத் துளிர். சத்தெல்லாம் அதுவே இழுத்துக்கும். அறுத்துப் போடுங்க."

கத்திரிக்கோலை எடுத்துக்கினு போனேன். உள்ளேருந்து இவரு குரல் வருது: "இன்னிக்கு சதுர்த்தசி!" அஷ்டமி, சதுர்த்தசியில எங்க வீட்டுல கீரை கூட கிள்ள மாட்டோம். நறநறன்னு பல்லைக் கடிச்சுக்கினு திரும்பிட்டேன்.

அப்புறம் உறவுல ஒரு கல்யாணம், போய்ட்டு வர ஒரு வாரம் ஆயிடுச்சு. வந்து பார்த்தா மஞ்சள் ரோஜா சுத்தமா காஞ்சு குச்சியா நிக்குது. பச்சைன்னு இருந்தது அந்தத் துளிர் மட்டும்தான். அதையும் அறுத்தா என் கையில என்ன மிஞ்சும்? போ, நீயாவது இருன்னு விட்டுட்டேன்.

அது என்னா வளர்த்தி வளர்ந்துச்சு தெரியுமா! பங்குனியில இடுப்பு உயரம். அசுவினிப் பூச்சி ஒட்டிச்சு, தண்ணியைப் பீச்சி அடிச்சேன், போயிடுச்சு. வெயில் ஏற ஏற பக்கக் கிளையா விட்டுக்கினே இருந்துச்சு. இவரோ, "காட்டுச் செடி பூக்காது"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு, குமரகுரு கொத்தனாருக்கு நாளும் குறிச்சுட்டாரு.

கத்திரி பொறந்துச்சு. தார் ரோடு உருகுது, தெருவுல நாய் கூட இல்ல. அந்த வெயில்ல கொத்துக் கொத்தா மொட்டு! கொத்தனார் மணலும் செங்கல்லுமா வந்து நின்ன அன்னைக்குக் காலையில செடி முழுக்க ரோஸ் கலர்ல விரிஞ்சிருக்குது. வாசனை தெருக்கோடிக்குப் போகுது.

கமலவேணி ஓடி வந்தா. "அய்யோ அக்கா, நான் அறுக்கச் சொன்னேனே! இது நாட்டுப் பன்னீர் ரோஜா, எந்த வெயிலுக்கும் சாகாது, வருசம் முழுக்கப் பூக்கும்! எனக்கு ஒரு குச்சி குடுங்க அக்கா."

எங்க வீட்டுக்காரர் தொண்டையைக் கனைச்சாரு. "இது செல்லாது. நீ வெச்ச மஞ்சள் செடி செத்துப்போச்சு. இது தானா வந்தது."

"தானா வந்துச்சா? தண்ணி தானா வந்துச்சா? புண்ணாக்கு தானா வந்துச்சா? மஞ்சள் ரோஜான்னா சொன்னீங்க? 'அந்த மண்ணுல ரோஜா'ன்னுதானே சொன்னீங்க! அறுக்கப் போனவளைத் தடுத்ததும் நீங்கதானே!"

கொத்தனார் துண்டால வாயைப் பொத்திக்கினு சிரிக்கிறாரு. "சார், கலவை போடவா வேணாமா? வெயில் ஏறுது."

இவரு செடியைப் பார்த்தாரு, காரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. வாய் எவ்வளவு பேசினாலும் அந்த மண்ணு போயிட்டா எனக்கு அழுகை வந்திருக்கும், அதான் உண்மை.

"வேணாம் குமரகுரு," ன்னாரு கடைசியா. "கொண்டாந்த செங்கல்லை வெச்சு செடியைச் சுத்தி வட்டமா பாத்தி கட்டிடு. காரு தெருவுலயே நிக்கட்டும்."

"ஜெயிச்சேன்!" னு கத்தினேன். மூணாவது வீட்டு ஜன்னல் தொறந்துச்சு. தொறக்கட்டும், அவங்களுக்கும் கேக்கட்டும்னு இன்னொரு வாட்டி கத்தினேன்.