குற்றாலலிங்கம் வீட்டு வாசலில் ஒரு குழி

தச்சநல்லூரின் அந்தத் தெருவுக்கடியில் கிடந்த இரும்புக் குழாய் துருவேறிப் பல இடங்களில் கசிந்துகொண்டிருந்தது. தெருவை நெடுக வெட்டாமல், இரண்டு முனையிலும் குழி தோண்டி, பழைய குழாய்க்குள்ளேயே புதிய பிளாஸ்டிக் குழாயை இழுத்துவிடலாம் என்று திட்டம் போட்டவள் குடிநீர்ப் பொறியாளர் கெசியா. வேலை முடியும்வரை தெருவோரம் போட்ட தற்காலிகக் குழாயில் வீடுகளுக்குத் தண்ணீர் வரும். “யார் வாசலையும் தோண்ட மாட்டோம்” என்று வீடுவீடாகச் சொல்லியும் வைத்திருந்தாள்.

பாதித் தூரத்தில் குழாய் சிக்கிக்கொண்டது. இழுவை இயந்திரம் முக்கியது. இரும்புக் கயிறு விண்ணென்று இறுகியது.

“இன்னும் இழுத்தா கயிறு அத்துரும் மேடம்” என்றார் மேற்பார்வையாளர் சிவசைலம்.

கெசியா இந்தக் குழிக்கும் அந்தக் குழிக்கும் நடந்தாள். உட்கார முடியவில்லை. குழாய் சிக்கிய இடம் குற்றாலலிங்கம் வீட்டு வாசல். அன்றைக்கு அவர் மகள் பிருந்தாவுக்கு நிச்சயதார்த்தம். ஓய்வுபெற்ற அதிகாரியான அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வழிமறித்தார்.

“தோண்ட மாட்டேன்னு சொன்னீயளா இல்லையாம்மா? மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாற நேரம்!”

“சொன்னேன் அண்ணாச்சி. தப்புதான். பலகை போட்டுத் தாரேன், நடந்து போயிரலாம். தண்ணியும் நிக்காது.”

“நாளைக்குத் தோண்டுங்க.”

“நாளைக்குன்னா குழாய் உள்ளயே கெடக்கும். கயிறும் தாங்காது.”

அவர் நகரவில்லை. கெசியா அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் குழாய் சிக்கிய இடத்தில் நின்றாள். “தோண்டுங்க” என்றாள் சிவசைலத்திடம்.

மண் விலகியது. இரும்புக் குழாயின் முதுகில் துளையிட்டு ஒரு சின்னக் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை குற்றாலலிங்கம் வீட்டுத் தரைத்தொட்டிக்குப் போனது. எந்த வரைபடத்திலும் இல்லாத திருட்டு இணைப்பு. கடைக்கோடி வீடுகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்ததற்கும், இவர் இவ்வளவு நேரம் மறித்ததற்கும் காரணம் புரிந்தது. அவளுக்கு நெஞ்சு கொதித்தது. குற்றாலலிங்கத்தின் முகம் வெளிறிவிட்டது.

அப்போதுதான் கார்கள் வந்து நின்றன. மாப்பிள்ளையின் அப்பா குழிமேல் போட்டிருந்த பலகையில் நின்று எட்டிப் பார்த்தார். “குழாயில என்னம்மா அடைச்சிக்கிட்டு இருக்கு?”

வாசலில் பட்டுச்சேலையோடு பிருந்தா நின்றாள். கெசியா அவளைப் பார்த்தாள்.

“பழைய இணைப்பு ஒண்ணு சார். எடுத்துருதோம்.”

எல்லாரும் உள்ளே போனதும் குற்றாலலிங்கம் தயங்கி நின்றார். “அம்மா…”

“நாளைக்கு நோட்டீஸ் வரும் அண்ணாச்சி. இப்ப வந்தவங்களப் போய்க் கவனிங்க.”

குழாயை அறுத்தெடுத்தார்கள். இயந்திரம் மறுபடி உறுமியது. புதிய குழாய் பைய நகரத் தொடங்கியது. தான் செய்தது சரியா என்று கெசியாவுக்குத் தெரியவில்லை. கடைசிக் குழியை நோக்கி வேகமாக நடந்தாள்.