வெறும் ஆணி

"சக்கரக் குழிக்குள்ள யாரு?"

பதிலுக்குக் கோடாலிச் சத்தம்தான் வந்தது.

யாரென்று பெரியவனுக்குத் தெரியாதா? தம்பி நேற்றே சொல்லிவிட்டுத்தான் போனான். "அப்பாவை நசுக்கின சக்கரத்துக்குச் சிங்காரம் பண்ணி, ஆளுங்களைக் கூட்டி வேடிக்கை காட்டப்போறியா? தூள் தூளாக்கறேன் பாரு."

அது அவர்கள் தாத்தா கட்டிய, தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்றி ஓடும் மில். அப்பா சக்கரத்துக்கு அடியில் பலகை மாற்றிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த வேலையாள் தெரியாமல் மதகைத் திறந்துவிட்டான். அன்றைக்கு அம்மா போட்ட சட்டம் இது: குழிக்குள் இறங்குகிறவன் மதகைத் திருகும் பிடியைக் கையோடு எடுத்துப் போகணும். அப்போது இருந்ததே ஒரு பிடி. மதகுக்குப் பக்கத்தில் அதை மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். மில் மூடும்வரை அப்புறம் ஒரு விரல்கூட நசுங்கவில்லை.

பாழாய்க் கிடந்ததைப் பெரியவன் பாடுபட்டு மீட்டிருந்தான். நாளைக்குத் திறப்பு விழா.

அவன் மனைவி ஓடிவந்தாள். "என்னங்க, ஆணியைப் பாருங்க! உங்க தம்பி பிடியோட இறங்கியிருக்கார்."

உடைக்க வந்தவன்கூட அம்மா பேச்சைத் தட்டவில்லை.

"டேய், ஏறி வாடா!"

"இருண்ணா, ஆரக்கால் பாக்கி இருக்கு. உனக்கு விறகு வேணும்னா சொல்லு, கட்டியே தர்றேன்."

படீரென்று ஏதோ முறிந்தது. பெரியவன் திரும்பினான். பார்க்க வருகிறவர்கள் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள, கொல்லரிடம் சொல்லி அடித்துவைத்த இன்னொரு பிடி சுவரில் மாட்டியிருந்தது. அதை உருவினான்.

"ஐயோ, அது சும்மா காட்டறதுக்குங்க!"

"பொருந்தும். அளவெடுத்துத்தான் அடிச்சது."

அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முழங்கையால் ஒரே இடி. அவள் உதடு கிழிந்து பல் ஆடியது. அவன் பிடியை மதகில் மாட்டித் திருகினான். தண்ணீர் சீறிப் பாய்ந்தது. எத்தனையோ வருஷமாக அசையாத சக்கரம் முனகிக்கொண்டு புரண்டது. கீழே அலறல்.

கல் கொத்தும் சுத்தியல் அவள் கைக்கு எட்டியது. புருஷன் மணிக்கட்டைப் பார்த்து இறக்கினாள். எலும்பு நொறுங்கியது. அவனைத் தள்ளிவிட்டு, உடம்பு மொத்தத்தையும் பிடிமேல் போட்டு மதகை அடைத்தாள்.

சின்னவன் படியில் ஊர்ந்து வந்தான். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்தது. கையில் பழைய பிடி. சுவரைப் பற்றி எழுந்து அதை ஆணியில் மாட்டினான்.

"ஆணி வெறுமையா இருந்ததைப் பார்த்தியாண்ணா?"

"பார்க்கலேன்னு சொல்லுங்க," என்றாள் அவள், வாயெல்லாம் ரத்தத்தோடு.

பெரியவன் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பார்த்தேன்."

"அப்பாவைக் கொன்னவனுக்காவது தெரியாது." சின்னவன் அவன் பக்கம் அதற்குமேல் திரும்பவில்லை. "அண்ணி, தோள் குடுங்க. போகலாம்."

அவள் குடுத்தாள்.