நாளைக்கு வர வேணாம்

உலக நாடுகளின் பிள்ளைகளையெல்லாம் ஒரே பரீட்சையில் உட்காரவைத்து, எந்த நாடு எத்தனையாவது என்று வரிசை போடுகிறார்களாம். அதற்கு இலங்கைப் பள்ளிக்கூடங்களைக் கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டதில், டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடமும் அகப்பட்டுக்கொண்டது. கூரை ஒழுகுகிறது என்று நாலு வருடமாக எழுதிய கடிதங்கள் மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

எழுத வேண்டிய பத்தாந்தரப் பிள்ளைகளின் பட்டியலும் வந்தது. அதில் பிரியந்தி இருந்தாள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் மழையோ பனியோ, பள்ளிக்கூடம் வராமல் இருக்கமாட்டாள்.

பள்ளி அதிபர் சுதாகரன் வகுப்பாசிரியை நிலக்ஷியைக் கூப்பிட்டார்.

"மேலிடத்துல சொல்றாங்க டீச்சர். இந்த முடிவை வச்சுத்தான் புதுக் கல்விக் கொள்கையே வரப்போகுதாம். மார்க்கைக் கீழ இழுக்கிற பிள்ளைய அன்னைக்கு வீட்ல இருக்கச் சொல்லுங்க."

வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு யாருக்குக் கொள்கை போடப்போகிறீர்கள் என்று கேட்க நிலக்ஷிக்கு வாய் வரை வந்தது. பதினேழு வருடத்தில் அப்படி வந்து திரும்பிப்போன கேள்விகள் ஏராளம். அலுத்துப்போய்த் தலையாட்டினாள்.

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிரியந்தியின் அம்மா வீரம்மாவை வழியில் பிடித்து, "நாளைக்குப் பிரியந்தி ஸ்கூலுக்கு வர வேணாம்க்கா" என்றாள். வீரம்மா ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க டீச்சர்" என்றாள். கேட்காததே நல்லதாகப் போயிற்று என்று நிலக்ஷி நடையைக் கட்டினாள்.

பரீட்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பிரியந்தி வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நிலக்ஷி அவர்களுடைய லயத்து வீட்டுக்கே போனாள்.

"அவ கொழும்புக்குப் போயிட்டா டீச்சர், ஒரு வீட்டு வேலைக்கு" என்றாள் வீரம்மா. "நீங்கதானே வர வேணாம்னீங்க. காலையில பெரட்டுல வேலை பிரிக்கையில, கங்காணி நாளைக்கு வர வேணாம்னா பேர வெட்டியாச்சுன்னுதானே அர்த்தம். அதுக்கு மேல நாங்க போய் நிக்கிறதில்லைங்க. புள்ளதான் ரெண்டு நாளா அழுதா."

"ஐயோ, அந்த ஒரு நாளைக்குத்தான்க்கா சொன்னேன்!"

வீரம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "அந்த ஒரு நாளைக்கு மட்டும் எம்புள்ள ஏன் டீச்சர் ஆகாமப் போனா?"

அதற்கு மேலிடத்தில் பதில் இருந்தது. அதைப் பெற்றவளிடம் சொல்லாமல், நிலக்ஷி அந்தக் கொழும்பு வீட்டு விலாசத்தைக் கேட்டாள்.