அனுபல்லவியில் அறுந்த மூச்சு

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: பெண்ணின் அப்பா அனந்தராமன், அம்மா சூடாமணி, பெண் பார்க்க வந்த பிள்ளை குருபிரசாத், அவன் அம்மா ஹம்சா மாமி, பட்டுப்புடவைக்குள் மாளவிகா. கேன்சர் என்ற சொல்லுக்கு மட்டும் அழைப்பில்லை.

"ஒரு பாட்டு பாடேன் கொழந்தே," என்றாள் மாமி.

மயிலாப்பூரில் பிறந்துவிட்டுப் பாட வராது என்று சொல்ல முடியுமா? பாடினாள். அனுபல்லவியில் மூச்சு அறுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் அறுந்தது. கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினாலும் இதே கதைதான்.

"தொண்டை கட்டிண்டிருக்கு மாமி," என்று முந்திக்கொண்டாள் சூடாமணி.

"இந்த மூச்சை வெச்சுண்டு எங்காத்து மூணு மாடி எப்படி ஏறுவா? லிஃப்ட்கூடக் கெடையாது!" மாமி சிரித்தாள்.

மாளவிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வயதில் காலெலும்பில் கேன்சர். கீமோவில் சிவப்பு மருந்தை ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அந்த மருந்து பின்னாளில் இதயத்தைத் தளர்த்தலாம், வருஷம் தவறாமல் எக்கோ ஸ்கேன் எடுங்கள், ஆரம்பத்திலேயே பிடித்தால் மாத்திரையில் கட்டுப்படுத்தலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஜாதகம் வெளியே போனதிலிருந்து எக்கோ நின்றுவிட்டது. அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி வாசலில் எந்த மாமி பார்த்துத் தொலைப்பாளோ! கல்யாணம் முடியட்டுமாம். இதயம் என்ன, முகூர்த்தம் பார்த்தா கெடும்?

"தொண்டை இல்ல மாமி. நேக்குச் சின்ன வயசுல கேன்சர். இப்போ ஹார்ட்டைப் பாக்கணும். ஆத்துல விட மாட்டேங்கறா."

குருபிரசாத்தின் கையில் டபரா சாய்ந்து காபி வேட்டியில் கொட்டியது.

"ஏதோ விளையாடறா," என்றார் அனந்தராமன்.

"ரெண்டு வருஷமா நீங்கதான்ப்பா விளையாடறேள். என் உசிரோட."

"மெதுவாப் பேசுடீ! எதிராத்துல காதைத் தீட்டிண்டிருப்பா," என்று பல்லைக் கடித்தாள் சூடாமணி.

"கேக்கட்டும். நான் செத்தா இந்தத் தெருவே வந்து கேக்கும். அப்பவும் தொண்டைக்கட்டுன்னு சொல்லுவியா?"

மாமி கைப்பையைத் தேடினாள். மாளவிகா காத்திருக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, போனில் அடையாறுக்கு ஆட்டோ போட்டுக்கொண்டே மாடிப்படி இறங்கினாள். முதல் திருப்பத்தில் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்தாள். யாராவது கூட வருவார்களா என்று நிமிர்ந்து பார்த்தாள்.

சூடாமணி வாசல்வரை வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், கடைசியாகப் பூட்டு.