ஒட்டுவிரல் ஓநாய்

“கூண்டுச் சாவியைக் கொடுங்க.”

அகிலா ஆங்கிலத்தில்தான் கேட்டாள். கூட ஒரு ‘ப்ளீஸ்’ போட்டிருக்கலாம், போடவில்லை. மஜ்லிஸின் மெத்தைகளில் சாய்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். விருந்தாளிகள் உட்காரும் அந்த அறைக்குள் ஒரு பெண் நுழைந்ததே புதுசு. நுழைந்தவள் சாவி வேறு கேட்கிறாள். பண்ணை முதலாளி அபு ராகான் அரபுக் காப்பியான காவா இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அவள் பக்கத்தில் நின்ற அவளுடைய கம்பெனி மேனேஜர் ஞானசிங்குக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஞானசிங் அவளுக்குப் போட்ட ஒரே தடை அதுதான்.

“பிள்ளே, நம்ம வேல என்ன? மிருகங்கள எண்ணணும், போட்டோ எடுக்கணும், ரிப்போர்ட் எழுதணும். பிடிச்சு வச்சத விடுங்கன்னு எந்த முதலாளிகிட்டயும் வாயத் திறந்து கேட்டுராத. அன்னைக்கே கம்பெனி ஷட்டர் விழுந்துரும், கேட்டியா?”

மார்த்தாண்டத்துக்காரர். சவூதியில், அல் கோபாரில் வனவிலங்கு சர்வே செய்யும் சின்ன கம்பெனி நடத்துகிறார். அவர் பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் பேசும். இவருக்கு ஊர்ப் பேச்சு ஓர் எழுத்துகூட மாறவில்லை. அகிலாவுக்கு ஊர் முதுகுளத்தூர். வீட்டில் முதல் டிகிரி அவளுடையது, அதுவும் வனவிலங்கு உயிரியல். ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததால், அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவளுக்குக் காது மடல் சூடாகிவிடும்.

நேற்று முழுவதும் வண்டி ஓட்டி, ஹாயில் நகரத்தைத் தாண்டி இன்று காலை இந்த மலையடிவாரத்துக்கு வந்திருந்தார்கள். ஓநாய்களை எண்ணுவதற்கு என்றுதான் ஞானசிங் சொல்லியிருந்தார். வந்து பார்த்தால் ஓநாய் ஏற்கெனவே கூண்டில் இருக்கிறது. ஒரே ராத்திரியில் பதினோரு ஆடுகள் செத்துப்போனதாம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் ஓநாயைச் சுட்டு, வாசலில் நிற்கும் வேல மரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். மற்ற ஓநாய்கள் அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் தலைகாட்டாது என்பது நம்பிக்கை. போன வருஷத்து ஓநாய் தோலும் எலும்புமாக இன்னும் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

சட்டம் ஓநாயைத் தொடக்கூடாது என்கிறது. ‘இது தொல்லை செய்யும் விலங்கு, வேறு வழியில்லை’ என்று படித்தவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் அதிகாரிகளிடம் பேசிக்கொள்ளலாம். கம்பெனியைக் கூப்பிட்டது எண்ணுவதற்கு அல்ல, அந்தக் கையெழுத்துக்கு என்று அகிலாவுக்குக் காலையில்தான் புரிந்தது.

“சாவி எதுக்கு?” என்றார் அபு ராகான். கோபப்படவில்லை. வேடிக்கை பார்க்கும் குரல்.

“ஆடுகளைக் கொன்னது அந்த ஓநாய்தான்னு யார் பார்த்தது?”

“பின்ன யாரு கொன்னது? நானா?”

மெத்தைகளில் சிரிப்பு எழுந்தது. ஞானசிங்கும் சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தார்.

“அஸர் வரைக்கும் நேரம் இருக்கு. போய்ப் பாரு. ஓநாய் இல்லன்னு என் கண்ணுக்குக் காட்டு, அப்புறம் சாவியைப் பத்திப் பேசலாம்.”

வெளியே வந்ததும் ஞானசிங் பல்லைக் கடித்தார். “உனக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா பிள்ளே?”

“அஸர் எத்தன மணிக்கு சார்?”

“ஒனக்கு அதுதான் இப்ப முக்கியம்!”

அவள் அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள்.

கூண்டைச் சுற்றிப் பண்ணை ஆட்கள் போனும் கையுமாக நின்றார்கள். லாரி டிரைவர் ஷைஜு கம்பிக்குள் ஒரு குச்சியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். அகிலா குச்சியைப் பிடுங்கி முறித்துப் போட்டாள்.

“ஏய், இது என்ன ஓநாய் சேச்சி? எங்க ஊர்ல இதைவிடப் பெரிய நரி உண்டு” என்று சிரித்தான் அவன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. மெலிந்த உடம்பு, மணல் நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய காது. பாலைவனத்து ஓநாய் அப்படித்தான் இருக்கும். அகிலா அதைப் படத்தில் பார்த்திருக்கிறாள், மறைவாக வைத்த கேமராவில் பார்த்திருக்கிறாள், எச்சத்தைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். உயிரோடு, மூச்சுக் காற்று மேலே படும் தூரத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அது கத்தவில்லை, பாயவில்லை. மூலையில் ஒடுங்கி, மஞ்சள் கண்ணால் அவளைத் தாண்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பயம் இல்லை. ஸ்கூல் ரிசல்ட் போர்டில் தன் நம்பரைத் தேடிய அன்று அடித்துக்கொண்ட மாதிரி ஓர் அடிப்பு.

குனிந்து கூண்டு மணலில் அதன் முன்னங்கால் தடத்தைப் பார்த்தாள். நடு விரல்கள் இரண்டும் அடியில் ஒட்டிக்கொண்டு பதிந்திருந்தன. இந்த நாட்டு ஓநாய்க்கு அப்படித்தான். நாய்க்கு நாலும் தனித்தனியாக விழும். போனில் படம் எடுத்தாள். கூண்டையும், உள்ளே இருப்பதையும், பூட்டையும், வேல மரத்தையும் சேர்த்து வீடியோ எடுத்தாள். பிறகு ஆட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

செத்த ஆடுகளைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஈ மொய்த்தது. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். காது கிழிந்திருந்தது. வால் கடிபட்டிருந்தது. பின் தொடையில் பத்து இடத்தில் பல். ஓர் ஆட்டுக்குக்கூடத் தொண்டையில் கடி இல்லை. பதினொன்றில் ஒன்றைக்கூட உருப்படியாகத் தின்னவில்லை. ஓநாய் பசிக்கு வரும். ஒன்றைப் பிடிக்கும், தொண்டையில் பிடிக்கும், தின்றுவிட்டுப் போகும். இது பசி இல்லை. இது விளையாட்டு.

வேலியோரம் தடங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. மண்டியிட்டாள். நாலு விரல், தனித்தனி. இன்னொன்று, தனித்தனி. அடுத்தது, தனித்தனி. முழங்காலால் நகர்ந்துகொண்டே போனாள். ஒட்டிய விரல் ஒன்றுகூட இல்லை.

“நாய்!” என்று கத்தினாள். “நாய்தான்! சார், நாய்! கும்பலா வந்திருக்கு!”

கொட்டகையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷைஜு ஓடி வந்து தடத்தைப் பார்த்துவிட்டு, சேதி சொல்ல மஜ்லிஸ் பக்கம் ஓடினான். அகிலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுந்து மணலைத் தட்டியபோதுதான் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

ரெங்கராஜ். ஆடு பார்க்கும் ஆள், காவா ஊற்றுவதும் அவர்தான். காலையில் வந்தவுடன் ‘நம்ம ஊருப் புள்ளையா’ என்று கேட்டுவிட்டு, ஒரு தட்டு நிறைய கப்ஸா சோறு கொண்டுவந்து கொடுத்தவர். அறந்தாங்கிப் பக்கம்.

“மேடம்… அந்தச் சத்தம் போடாம இருந்திருக்கலாம்.”

“ஏண்ணே?”

அவர் வேலிக்கு அப்பால் பார்த்தார். மணல்மேட்டு நிழலில் நாலைந்து நாய்கள் காலை நீட்டிப் படுத்திருந்தன.

“அதுங்களுக்குச் சோறு போட்டது நாந்தான்.”

அகிலாவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

“ஊர்ல கெடை போட்டா நாய் வச்சுக்கிறது இல்லையா தங்கச்சி? நாய் கொலச்சா ஓநாய் வராதுன்னு நெனச்சேன். மொத நாலு வந்துச்சு. மிச்சச் சோத்தப் போட்டேன், செத்த குட்டியப் போட்டேன். நாலு இப்ப பதினஞ்சாச்சு.”

“ஊர்ல குட்டியில இருந்து ஆட்டோடயே வளக்குற நாய்ண்ணே அது. இதுங்க தெருநாய். ரத்தத்தக் காட்டிப் பழக்கிட்டு…”

“இப்பத் தெரியுது. அப்பத் தெரியலையே.” கையிலிருந்த துண்டை முறுக்கினார். “விசா குடுத்த கஃபீல் மொதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கே ஏத்தி விட்டுருவாரு. மக நர்ஸிங் ரெண்டாவது வருஷம். ஓநாய்னே எழுதிட்டுப் போயிருங்களேன். அது மிருகந்தானே.”

அது மிருகம்தான். அகிலாவுக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேல் இல்லை, அவர் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் ஆத்திரம். இவர் மகளும் வீட்டின் முதல் டிகிரியாகத்தான் இருப்பாள். ஓநாயைச் சாகவிட்டால் ஒரு பெண் படிப்பாள். காப்பாற்றினால் ஒரு மனுஷன் பெட்டியைக் கட்டுவான். நடுவில் அபு ராகான் மட்டும் எந்த நஷ்டமும் இல்லாமல் காவா குடித்துக்கொண்டிருப்பார்.

“அந்தச் செத்த குட்டிங்கள எங்கேருந்துண்ணே எடுத்தீங்க?”

“பின்னாடி பள்ளத்துல கெடக்கும். சாகுற ஆட்டையெல்லாம் டிப்பர் அங்கதான கொட்டும்.”

“யாரு கொட்டச் சொல்றது?”

“மொதலாளிதான். வேற யாரு?”

பள்ளத்தைப் போய்ப் பார்த்தாள். எலும்பு, தோல், கொம்பு, பாதி தின்ற வயிறு. பதினைந்து நாய்களை வளர்த்தது ரெங்கராஜின் மிச்சச் சோறு மட்டுமல்ல. அந்த நாற்றத்திலும் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல் ஏறியது. அதையும் படம் எடுத்தாள்.

பண்ணையில் நெட்வொர்க் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மட்டும்தான். ஏணியில் தடதடவென்று ஏறினாள். கீழே ரெங்கராஜ் அண்ணாந்து நின்றார்.

“தங்கச்சி, என்ன செய்யப் போறீங்க?”

“உங்க பேரு எதுலயும் வராதுண்ணே. இது என் வாக்கு.”

வனவிலங்குத் துறையின் வாட்ஸப் நம்பருக்கு வீடியோ, படங்கள், இடத்தின் லொகேஷன், கீழே அவளுடைய முழுப்பெயர். கம்பெனி பெயர் வேண்டாம். கம்பெனி கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள். விரல் ஒரு நொடி தயங்கியது. இது போனால் வேலை போகும், விசா போகும், முதுகுளத்தூரில் அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அனுப்பினாள். டிக் ஒன்று, டிக் இரண்டு, நீலம். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பதில் வந்தது: வண்டி கிளம்பிவிட்டது, ஒரு மணி நேரத்தில் வரும், அதுவரை விலங்கைக் கொல்லவோ இடம் மாற்றவோ விடாதீர்கள்.

தூரத்துப் பள்ளிவாசலில் இருந்து அஸர் பாங்கு கேட்டது.

மஜ்லிஸில் இப்போது கூட்டம் இரண்டு மடங்கு. தொழுகை முடித்து வந்த பண்ணைக்காரர்கள் சுவரோரம் நிறைந்திருந்தார்கள். மூலையில் துப்பாக்கி சாய்த்து வைத்திருந்தது. ரெங்கராஜ் ஒவ்வொருவருக்காகக் காவா ஊற்றிக்கொண்டிருந்தார். அகிலா போனை நீட்டி, கூண்டுத் தடத்தையும் கொட்டகைத் தடத்தையும் காட்டினாள். அபு ராகான் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த வயசாளி வாங்கிப் பார்த்துவிட்டு, “கெல்ப்” என்றார். நாய்.

“சரி, நாய்தான்” என்றார் அபு ராகான். “நீ கெட்டிக்காரி. ஆனா சோறு போடாம நாய் தங்காது. என் பண்ணையில நாய் வளர்த்தது யாரு? பேரைச் சொல்லு, சாவியை வாங்கிக்கோ. கலாஸ், அதோட முடிஞ்சுது.”

காவாக் குடுவையின் மூக்கு கோப்பை விளிம்பில் டக்டக்கென்று இடித்தது. அகிலா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஞானசிங் அவள் காதருகே குனிந்தார். “பிள்ளே, நாய்க்குச் சோறு போட்டது யாருன்னு ஷைஜு என்கிட்ட சொல்லியாச்சு. பேரச் சொல்லிட்டு சாவிய வாங்கு. ஓநாயும் பிழைக்கும், கம்பெனியும் பிழைக்கும்.”

“அந்த ஆளு?”

“அவனுக்கு வேற விசா கிடைக்கும்.”

“உங்களுக்குக் கிடைக்குமா சார்?”

குடுவையைக் கீழே வைத்துவிட்டு ரெங்கராஜ் ஓரடி முன்னால் வந்தார். “மேடம், நானே சொல்லி…”

“அண்ணே, நீங்க காவா ஊத்துங்க.”

தமிழில் சொன்னது யாருக்கும் புரிந்திருக்காது, குரல் புரிந்திருக்கும். ரெங்கராஜ் குடுவையை எடுத்துக்கொண்டார்.

அகிலா போனில் பள்ளத்தின் படத்தை எடுத்து அபு ராகானின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “பேருதானே வேணும்? இந்தச் செத்த ஆடுகளை இங்க கொட்டுற டிப்பர் யாரோடது? அதைக் கொட்டச் சொன்னது யாரு? நாய் வளர்த்தது அவர்தான். நாளைக்கு ஓநாய் வந்தாலும் அந்த நாத்தத்துக்குத்தான் வரும். நீங்க மரத்துல எத்தன ஓநாயைத் தொங்கவிட்டாலும் வரும்.”

வயசாளி தாடிக்குள் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. அபு ராகான் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாவி உள்ளே கிலுங்கியது. கை அங்கேயே நின்றது.

“மாஃபி” என்றார். “சாவி கிடையாது. நீ யாரு என் வீட்டுல வந்து…”

“துறைக்கு எல்லாத்தையும் அனுப்பியாச்சு. என் பேர்லதான் அனுப்பினேன். அவங்க வண்டி வந்துட்டே இருக்கு.”

ஞானசிங் சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, எளவெடுத்தவளே! எப்பம்?”

“பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே.”

இளவட்டம் ஒருவன் எழுந்து துப்பாக்கியைக் கையில் எடுத்தான். வண்டி வருவதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று அவன் அபு ராகானைப் பார்த்த பார்வை அகிலாவுக்கு நன்றாகவே தெரிந்தது. கூண்டுக் கதவோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டால் எவன் சுடுவான்? சுடட்டும் பார்ப்போம்.

“எங்க போற? நில்லு பிள்ளே! அகிலா!”

அவள் வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம் கேட்டது. நடை ஓட்டமாக மாறியது. கூண்டைச் சுற்றி நின்ற ஆட்கள் அவள் வரும் வேகத்தைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் கூண்டுக் கதவில் முதுகைச் சாய்த்து, மஜ்லிஸைப் பார்த்து உட்கார்ந்தாள்.