புலி இருக்கும் ஜன்னல்

தெருமுனையில் மஞ்சள் குடையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபோதுதான், மேனேஜரும் சுற்றுலாக் கூட்டத்தோடு நிற்பதை அவள் பார்த்தாள். நேற்றே சொல்லியிருந்தார். இருந்தாலும் வரமாட்டார் என்று ஒரு நப்பாசை. அலுவலகத்தில் அவருக்கு அஞ்சு ஸ்டார் என்று பெயர். தெருவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போனில் எத்தனை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார்கள் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் இருக்கேன்னே நினைக்காதீங்க. எப்பவும் போலப் பண்ணுங்க," என்றார். பிறகு குடைக்குக் கீழே குனிந்து, "நம்ம புலி இன்னைக்காவது ஒழுங்கா இருக்குமா?" என்று கேட்டார்.

புலி என்ற பெயர் அவள் வைத்ததுதான். சுற்றுலா நிறுவனம் இந்தத் தெருவை எடுத்தபோது மிச்சமிருந்த ஓவியர்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். அப்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஓவியர் தெருன்னு போர்டு வச்சிட்டு ஒரு ஓவியர்கூட இல்லன்னா எப்படி சார்? புலி இல்லாத மிருகக்காட்சி சாலைக்கு யார் வருவாங்க?" அவருக்கு அது பிடித்துப்போனது. ஒரு புலியை வைத்துக்கொண்டார். எந்தப் புலி என்பதையும் அவளே காட்டினாள். அந்தப் புலி ஒரு காலத்தில் தன் புருஷன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் வைத்த முன்னறை. பின்னால் ஒரு கட்டில், ஓர் அடுப்பு. வாடகை கிடையாது. தினமும் காலையில் கூட்டம் வரும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்காருவான். தோளுக்கு மேலாகப் படம் தெரியும். தெருக்கோடியில் இருக்கும் நீரூற்று. அதன் இடது பாதியை வரைவான். சாயங்காலம், வண்ணம் காய்வதற்குள், டர்பன்டைனில் நனைத்த துணியால் அதைத் துடைத்துவிடுவான். மறுநாள் அதே இடது பாதி. எண்ணெய் வண்ணத்தில் அப்படி ஒரு வசதி. வருகிறவர்கள் ஒருமுறைதான் வருகிறார்கள். நீரூற்று ஒருநாளும் முடியவில்லை என்பது அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன மாதம் கதை மாறிவிட்டது. அவன் படம் வைக்கும் மரத் தாங்கியை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டான். இப்போது தெருவுக்குத் தெரிவது கேன்வாஸின் முதுகு. அதன் விளிம்புக்கு மேலே அவன் கண்கள். 'படத்தின் பின்பக்கத்தைத்தான் பார்த்தோம். ஓவியர் எங்களை முறைக்கிறார்' என்று யாரோ எழுதி இரண்டே நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அடுத்தடுத்து அதே புகார்.

அவளுக்குப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. அவன் நிஜமாக வரைகிறான். குடும்பம் நடத்திய காலத்திலும் அப்படித்தான். நிஜமாக வரையும்போது தாங்கி சுவரைப் பார்த்திருக்கும், அதற்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது. அவளும் கல்லூரியில் அவனோடு ஒன்றாகப் படித்தவள்தான், அவளும் போகக் கூடாது. சாப்பாட்டுத் தட்டை இந்தப் பக்கம் தரையில் வைத்துவிட்டு வந்துவிடுவாள். ஒருநாள் உள்ளேயிருந்து "வா" என்பான். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடுவாள். அவனோடு இருந்த வருஷங்களில் நல்லது என்று எடுத்துச் சொல்ல அந்த ஓட்டம் ஒன்றுதான் உண்டு. பிறகு அவன் வரைவது நின்றது. வரையாதபோது அவன் மனுஷனே இல்லை. வாய் முழுக்க ஊசி. ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

இன்று விடிந்ததும் குடையோடு நேரே அவன் அறைக்குத்தான் போனாள்.

"இன்னைக்கு மேனேஜர் வர்றார்."

"வரட்டும். எனக்கென்ன, மாமியார் வீட்டு விருந்தா?"

"விளையாடாத. அந்த நீரூற்றையே எடுத்து இந்தப் பக்கமா வை. ஒரு நாளைக்கு."

"அந்த கேன்வாஸ் மேலதான் இத வரைஞ்சிருக்கேன். நீரூற்று உள்ள போயிடுச்சு. மூழ்கிடுச்சுன்னு வச்சுக்கோ."

அவள் வழக்கமான இடத்தில், தாங்கிக்கு இந்தப் பக்கம், நின்றாள். கேன்வாஸை இறுக்கிய மரச்சட்டமும் அதில் அடித்த சின்ன ஆணிகளும் தெரிந்தன. அறையில் எண்ணெய் வாடை. அவன் சவரம் செய்திருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முக்கால்வாசி காஞ்சே போச்சு. கொஞ்சம் இருக்கு."

"நான் பாக்கலாமா?"

அவன் தூரிகையைத் துடைத்தான். "கூப்பிடுறேன்," என்றான்.

அந்த ஒரு சொல்லோடு தெருவில் இறங்கியவளுக்கு மேனேஜர் வரும் விஷயம் கொஞ்ச நேரம் மறந்தேபோனது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கூட்டம் நகர்ந்தது. தொப்பி வைத்த அம்மாள் ஒருத்தி, கைகோத்த புதுத் தம்பதி, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொல்லிக்கொள்ளும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இன்னும் சிலர். வண்ணம் விற்ற கடை இப்போது சோப்புக் கடை. சோப்புகளுக்கு வண்ணங்களின் பெயர். பட்டினியில் செத்த ஓவியரின் வீடு உணவகம். மேசை கிடைக்க முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஓவியர்கள் விடிய விடியச் சண்டை போட்ட படிக்கட்டில் உட்காரக் கூடாது என்று பலகை. ஒவ்வொன்றின் முன்பும் நின்று, அலுவலகம் எழுதிக் கொடுத்ததை அவள் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்பு வரும் என்பதெல்லாம் பழகியிருந்தது. சிரிப்பு வந்தது. மேனேஜர் கடைசியில் நின்று தலையாட்டினார்.

பிறகு ஜன்னல்.

அவன் உட்கார்ந்திருந்தான். கேன்வாஸின் முதுகு, அதற்கு மேலே நெற்றி, கண்கள். கூட்டம் கண்ணாடியருகே நெருக்கியடித்தது. அவள் குடையை உயர்த்தினாள்.

"இந்தத் தெருவின் கடைசி ஓவியர் இவர். உறவு, சொந்தம், குடும்பம் எதுவும் இவருக்கு இல்லை. இவர் கலையையே மணந்துகொண்டவர்."

வழக்கம்போல் அந்த இடத்தில் ஒரு 'ஆ' வந்தது. தொப்பி அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல, செலவில்லாத கல்யாணம்," என்றார் வாத்தியார். "என்ன வரையுறார்? நம்மளத்தான் வரையுறார், வேற என்ன."

"ஒண்ணுமே தெரியலையே," என்றான் தம்பதியில் ஆண். போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினான்.

மேனேஜர் அவள் பக்கத்தில் வந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை. "இந்த ரூமைக் காபிக் கடைக்குக் கேட்டு ஒருத்தன் நடையா நடக்குறான். நீங்க சொன்னீங்கன்னுதான் இவன விட்டு வச்சிருக்கேன். திருப்பச் சொல்றீங்களா, இல்ல அவனுக்கு இன்னைக்கே சரின்னு சொல்லிடட்டுமா?"

அவள் குடைக்காம்பால் கண்ணாடியைத் தட்டினாள். அவன் நிமிர்ந்தான். கையால் சுழற்றிக் காட்டினாள். அவன் குனிந்துகொண்டான். ஜன்னலின் ஓரக் கதவு ஒருக்களித்திருந்தது. அதன் வழியே முகத்தை உள்ளே நீட்டினாள்.

"திருப்பு."

"கூப்பிடுறேன்னு சொன்னேன்ல."

"சொன்ன. இப்ப திருப்பு. இல்லன்னா நாளைக்கு இங்க காபி ஆத்துவாங்க. போறதுக்கு உனக்கு இடம் இருக்கா?"

அவன் அவளைப் பார்த்தான். "உன் வீட்ல இருக்கா?"

பின்னால் யாரோ இருமினார்கள். அவள் தலையை வெளியே இழுத்துக்கொண்டாள்.

அவன் தூரிகையைக் கீழே வைத்தான். பிறகு எழுந்து, தாங்கியின் காலைப் பிடித்து, தரையில் கிறீச்சிடத் திருப்பினான்.

தெருதான். இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற தெரு. கண்ணாடியை நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். யாருக்கும் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் தூக்கிப் பிடித்த கைகள், போன்கள். நடுவில் மஞ்சள் குடை. குடையின் கீழே ஒரே ஒரு முகம். வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன.

அவளுக்கு எந்த வாக்கியம் என்று தெரிந்தது. 'மணந்துகொண்டவர்' என்ற கடைசிச் சொல் வாயில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது தான் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்பது இவ்வளவு காலம் தெரியாது. மூடிய இமைகளில் அவன் எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறான் என்பதும் தெரிந்தது. கீழிமையின் வீக்கம். இடது புருவத்தருகே பழைய தழும்பு. இளக்காரம் எங்கும் இல்லை. அவன் வரைந்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று நினைத்தாள். ஓடி வந்து பார்த்திருக்க வேண்டிய படம்.

"அட, இது நீங்கதானே!" என்று தம்பதியில் பெண் கத்தினாள். எல்லாரும் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போன்கள் உயர்ந்தன. படத்தில் இருந்த கைகளும் தெருவில் இருந்த கைகளும் ஒன்றுபோல் இருந்தன. அது யாருக்கும் உறைக்கவில்லை.

"எல்லாம் சரி, கண்ணு மூடியிருக்கே," என்றாள் தொப்பி அம்மாள். "நின்னுக்கிட்டே தூங்குற மாதிரி."

சிரிப்பு. மேனேஜரும் சிரித்தார். சிரித்தபடியே யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரியும்.

"அந்தக் கண்ண மட்டும் திறந்துவிடச் சொல்லுங்க. இப்பவே. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் ஓரக் கதவருகே போனாள். "கண்ணத் திறந்து வரையணுமாம்."

"யாரு சொன்னா?"

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். "நான்தான் சொல்றேன்," என்றாள்.

அவன் தூரிகையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பழையபடி. வெள்ளையில் இரண்டு இழுப்பு. கறுப்பில் இரண்டு புள்ளி. கடைக்கண்ணாடிக்குப் பின்னால் சட்டை போட்டு நிறுத்தியிருக்கும் பொம்மையின் கண்கள். படத்தில் குடைக்காரி மலர விழித்தாள். தெரு கைதட்டியது.

"பாத்தீங்களா?" என்றார் மேனேஜர். "இத்தனை நாள்ல இந்த இடத்துல கைதட்டு வந்திருக்கா? நாளைலேர்ந்து இதுதான். கூட்டம் வந்ததும் கண்ணத் திறக்கணும்."

"நாளைக்கு ஏற்கனவே திறந்திருக்குமே சார்."

"மூடி வைக்கச் சொல்லுங்க," என்றார்.

வெயில் இறங்கிய பிறகு அவள் திரும்பி வந்தாள். தெருவில் சோப்பு வாசனை. கதவு சாத்தவில்லை. தாங்கி மறுபடியும் திரும்பியிருந்தது. கேன்வாஸின் முதுகுதான் தெரிந்தது. அவன் டர்பன்டைன் டப்பாவைத் திறந்து துணியை நனைத்துக்கொண்டிருந்தான்.

"ரூம் போகல," என்றாள்.

"ம்."

"தினமும் கண்ணத்…"

"கேட்டுச்சு. இந்தக் கண்ணாடி ஒண்ணும் அவ்வளவு கனம் இல்ல." துணியைப் பிழிந்தான். "நீ சொல்றதும் கேக்கும். தினமும்."

அவள் தன் பழைய இடத்தில் நின்றாள். சட்டம், ஆணிகள்.

"அந்தப் பக்கம் வரவா?"

"எதுக்கு? அதான் ஊரே பாத்தாச்சே."

அவன் முழங்கை மட்டும் அசைந்தது. அவசரமில்லாமல், ஒரு நோயாளியின் முகத்தைத் துடைப்பது போல. கீழே இருப்பது காய்ந்துவிட்டது, அது போகாது. மேலே இருப்பது மட்டும்தான் போகும். அது அவளுக்கும் தெரியும், அவளும் படித்தவள்தான். முழங்கை நின்றது. அவன் குனிந்து, மூக்கு கேன்வாஸில் படும் தூரத்தில் எதையோ பார்த்தான். அவள் காத்திருந்தாள்.

அவன் கூப்பிடவில்லை. துணியை மடித்து ஜன்னல் விளிம்பில் காயப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துணியில், வெள்ளைத் தீற்றலின் நடுவே, இரண்டு கறுப்புக் கறைகள், பக்கத்தில் பக்கத்தில், இன்னும் ஈரமாக, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன.